அனிமோனி டேங்க்ல கல்லு எப்படி அடுக்கறது? வாசகர் கேள்வி பதில்

இந்த தடவை வந்த கேள்விகள்ல பாதிக்கு மேல உப்புத்தண்ணி டேங்க் பத்திதான், அதுலயும் அனிமோனி (கொட்டற விரல்களை விரிச்சு ஒட்டிக்கிட்டு வாழற, பூ மாதிரி இருக்கற கடல் உயிர்) வளர்க்க ஆசைப்படறவங்க கல்லு அடுக்கறதுல மாட்டிக்கிட்டு எழுதினது நிறைய. அதனால மத்ததை அடுத்த இதழுக்கு தள்ளி வெச்சுட்டு இதையே முழுசா பேசிடலாம்.

சார், 90க்கு 45க்கு 45 செ.மீ. டேங்க் வாங்கியாச்சு, ட்ரை ராக்கும் (உயிர் எதுவும் இல்லாத காய்ஞ்ச ரீஃப் கல்லு) வந்துடுச்சு. நடுவுல பெரிய ஆர்ச், அது உச்சியில ஒரு பப்பிள் டிப் அனிமோனி, அதுல ஒரு ஜோடி க்ளவுன் ஃபிஷ், இதான் என் மனசுல இருக்கற படம். எங்கேர்ந்து ஆரம்பிக்கணும்?

படம் நல்லாத்தான் இருக்கு, ஆனா ஆர்ச்லேர்ந்து ஆரம்பிக்காதீங்க, அனிமோனியோட கால்லேர்ந்து ஆரம்பிங்க. கடல்ல பப்பிள் டிப் எப்படி இருக்கும்னா கல்லு இடுக்குல ஆழமா காலை விட்டு ஒட்டிக்கிட்டு விரல்களை மட்டும் வெளிய வெளிச்சத்துல விரிச்சு வெச்சிருக்கும், ஏதாவது பயம்னா மொத்தமா உள்ள இழுத்துக்கும். அதுக்கு கால் இருட்டுலயும் தலை வெளிச்சத்துலயும் இருக்கணும். வழவழன்னு இருக்கற ஆர்ச் உச்சியில கொண்டு போய் வெச்சா ஒளிஞ்சுக்க இடமே இல்ல, அன்னிக்கு ராத்திரியே கெளம்பிடும்.

அதனால உங்ககிட்ட இருக்கற கல்லுல முதல்ல ஒரு நல்ல பொந்து தேடுங்க, இல்லன்னா ரெண்டு மூணு கல்லை சேர்த்து ஒண்ணு உருவாக்குங்க. வாய் ஒரு 4, 5 செ.மீ. அகலம், ஆழம் 8 லேர்ந்து 10 செ.மீ., உள்ள போகப்போக குறுகணும், சுவர் சொரசொரப்பா இருக்கணும், வாய் மேல பார்த்தோ இல்ல முன்பக்கம் சாய்ஞ்சோ இருந்தா உங்களுக்கும் தெரியும் அதுக்கும் லைட் கிடைக்கும். பின்பக்கம் பெரிய ஓட்டை இருந்தா அடைச்சிடுங்க, இல்லன்னா அது அந்த வழியா போய் கல்லுக்கு பின்னாடி விரிஞ்சு உட்கார்ந்துக்கும், நீங்க வருஷம் பூரா அதோட முதுகைத்தான் பார்ப்பீங்க. ஆனா காத்துப்புகாத மாதிரி அடைக்க வேண்டாம், தண்ணி மெல்ல கசிஞ்சு போற அளவுக்கு சின்ன சின்ன சந்து இருக்கட்டும், அப்பதான் உள்ள அழுக்கு தேங்காது.

பொந்து ரெடின்னா அது டேங்க்ல எங்க வரணும்னு பாருங்க. பப்பிள் டிப் நல்லா வளர்ந்தா 30 செ.மீ. வரைக்கும் விரியும், உங்க டேங்க் முன்னுக்கு பின் 45 தான், அப்ப பொந்தோட வாய் முன் கண்ணாடிலேர்ந்தும் பின் கண்ணாடிலேர்ந்தும் ஏறக்குறைய சமதூரத்துல இருந்தாதான் ரெண்டு பக்கமும் கண்ணாடியில உரசாம விரிய முடியும். உயரத்துக்கும் கணக்கு இருக்கு. 45ல மணல் ஒரு 3, 4 போச்சு, மேல தண்ணி மட்டம் ஒரு 3 குறைவா நிக்கும். கல்லோட உச்சி 25 செ.மீ. மேல போகாம பார்த்துக்கிட்டா அதுக்கு மேல அனிமோனி எழும்பி நிக்கவும் க்ளவுன் ஃபிஷ் சுத்தி வரவும் தாராளமா இடம் இருக்கும். கல்லை தண்ணி மட்டம் வரைக்கும் அடுக்கிட்டு அப்பறம் அனிமோனி லைட்டுக்கு கீழ காயுதேன்னு கவலைப்படறவங்க நிறைய பேர்.

அடுத்தது தீவு. எல்லா கல்லையும் ஒரே சுவரா அடுக்காம ரெண்டா பிரிங்க. ஒரு பக்கம் பெரிய குவியல், உங்க ஆர்ச் அங்க வரட்டும், மீன் அடியில புகுந்து போகட்டும், கோரல் (பவளம்) வைக்கணும்னா அதுல வைங்க. இன்னொரு பக்கம் தனியா ஒரு குட்டித் தூண், அதுதான் அனிமோனி வீடு. நடுவுல 15 செ.மீ.க்கு குறையாம வெறும் மணல். பப்பிள் டிப் கல்லு புடிச்சு நடக்கற ஜாதி, மணல்ல இறங்கி கடக்க அவ்வளவா விரும்பாது. இது நூறு சதவீதம் கேரன்டி இல்ல, போகணும்னு முடிவு பண்ணிட்டா காலை விட்டுட்டு தண்ணியில மிதந்து கூட போகும், ஆனா நல்ல பொந்தும் நல்ல வெளிச்சமும் தீவுலயே இருந்தா பெரும்பாலும் அங்கயே நிக்கும், கோரல் பக்கம் போய் எல்லாத்தையும் கொட்டி வைக்காது.

அழகுன்னு பார்த்தா தூணை நட்ட நடுவுல வைக்காம டேங்க் நீளத்துல மூணுல ஒரு பங்கு வர்ற இடத்துல வைங்க, அதாவது ஓரத்துலேர்ந்து 30 செ.மீ. பக்கம். அப்ப பக்கவாட்டு கண்ணாடியிலேர்ந்தும் தள்ளி இருக்கும், கண்ணுக்கும் நல்லா இருக்கும். பின் கண்ணாடியில எந்த கல்லையும் சாய்க்காதீங்க, ஒரு 8 செ.மீ. விட்டா க்ளீனிங் மேக்னட் போகும், தண்ணியும் பின்னாடி சுத்தி வரும். எத்தனை கிலோ வேணும்னும் கேட்பீங்க. பழைய கணக்கு ஒரு காலனுக்கு ஒரு பவுண்டு, உங்க 182 லிட்டருக்கு 22 கிலோ கிட்ட வருது, அவ்வளவையும் போட்டா அனிமோனிக்கும் மீனுக்கும் இடமே இருக்காது. நல்ல ஓட்டை ஓட்டையா இருக்கற கல்லுன்னா அதுல பாதி போதும், மிச்சத்தை சம்ப்ல (டேங்குக்கு கீழ இருக்கற ஃபில்டர் தொட்டி) போட்டு வைங்க, தண்ணியை சுத்தம் பண்ற பாக்டீரியா அங்கயும் வேலை செய்யும்.

கல்லை சும்மா அடுக்கினா போதுமா, ஒட்டணுமா? சூப்பர் க்ளூ போட்டா விஷம் ஆகாதா?

ஒட்டணும், ஒரே ஒரு துண்டைத் தவிர. அது எதுன்னு கடைசி கேள்வியில சொல்றேன்.

ஒட்டறதுக்கு முன்னாடி ஒரு அட்டையில டேங்க் அடித்தளத்தோட அளவை வரைஞ்சு அது மேலயே மொத்தத்தையும் அடுக்கிப் பாருங்க. ஒரே நாள்ல முடிவு பண்ணாதீங்க, ரெண்டு நாள் அப்படியே விட்டு போக வர பாருங்க, முன்னாடி மட்டும் இல்ல பக்கவாட்டுலேர்ந்தும், உட்கார்ந்தா கண்ணு எந்த உயரத்துல இருக்குமோ அங்கேர்ந்தும் பாருங்க. பெரிய கல்லை சுத்தியலும் உளியும் வெச்சு உடைக்கலாம், பயப்படாதீங்க, கண்ணுக்கு கண்ணாடி போட்டுக்கிட்டு உடைங்க. உடைஞ்ச முகம் தட்டையா இருக்கும், அதை அடியில வெச்சா ஆடாம நிக்கும். அடிக்கல்லு நேரா டேங்க் தரையிலதான் உட்காரணும், மணல் அப்பறம்தான். மணலுக்கு மேல கல்லை வெச்சா கோபி மீன், பிஸ்டல் ஷ்ரிம்ப் இறால் மாதிரி தோண்டற ஆளுங்க அடியில குழி பறிச்சு மொத்தமும் ஒரு நாள் சரிஞ்சிடும், அடியில மாட்டினது அனிமோனின்னா அவ்வளவுதான்.

சூப்பர் க்ளூ ஜெல், அதாவது சயனோஅக்ரிலேட், காய்ஞ்சப்பறம் ஒண்ணும் பண்ணாது, கோரல் ஒட்டறதே அதுலதான். சின்ன மூட்டுக்கு ஜெல்லை வெச்சு மேல காய்ஞ்ச அரகோனைட் மணலை (சுண்ணாம்பு மணல்) தூவினா உடனே கெட்டியாகி கல்லு மாதிரியே ஆயிடும், ஆனா அந்த நேரத்துல சூடும் புகையும் வரும், ஜன்னலைத் திறந்து வெச்சுட்டு க்ளவுஸ் போட்டு பண்ணுங்க. எபாக்ஸி புட்டி தனியா கல்லுல சரியா புடிக்காது, புட்டிக்கு ரெண்டு பக்கமும் ஜெல் தடவி நடுவுல அமுக்கினா புடிக்கும். ஆர்ச் மாதிரி எடை தாங்கற இடத்துக்கு இது எதுவுமே பத்தாது, அங்க ட்ரில் போட்டு அக்ரிலிக் ராடோ ஃபைபர்கிளாஸ் ராடோ உள்ள விட்டு ரீஃப் சிமென்ட் வெச்சு கட்டுங்க. சிமென்ட் போட்டா நல்லா இறுகினப்பறம் தண்ணியில ஊற வெச்சு மாத்தி மாத்தி விடணும், இல்லன்னா பிஎச் ஏறும். இரும்பு கம்பி, பித்தளை ஸ்க்ரூ எதையும் உள்ள விடாதீங்க. பித்தளையில செம்பு இருக்கு, அனிமோனி, இறால், நத்தை எல்லாத்துக்கும் செம்பு ரொம்ப கொஞ்சம் கலந்தாலும் கெடுதல்.

எல்லாம் காய்ஞ்சதும் கையால புடிச்சு ஆட்டிப் பாருங்க. வெளிய ஆடினா உள்ளயும் ஆடும்.

நல்ல பொந்தா பண்ணி அதுலதான் வெச்சேன் சார். ரெண்டு மணி நேரத்துல கெளம்பி பின் கண்ணாடிக்கு போயிடுது. காலை பிச்சு எடுத்து திரும்ப வெச்சா மறுபடி போகுது. என்னதான் வேணும் இதுக்கு?

முதல்ல பிச்சு எடுக்கறதை நிறுத்துங்க, இன்னிக்கே. கால் கிழிஞ்சா அந்த காயத்துலயே அழுகி செத்துடும், அனிமோனி சாகறதுல இது ஒரு முக்கியமான காரணம். புது வீட்டுக்கு வந்த பூனை மாதிரி அது, நாம எங்க விரிப்பு போட்டாலும் மூலை முடுக்கெல்லாம் பார்த்துட்டு தனக்கு புடிச்ச இடத்துலதான் படுக்கும். சில நாள் அலையறது சகஜம்.

வாரக்கணக்குல நிக்காம நடந்தா மட்டும் எதுவோ சரியில்லன்னு அர்த்தம். அது மூணு விஷயம் பார்க்குது, கால் வைக்க இடம், வெளிச்சம், ஃப்ளோ, அதாவது தண்ணி ஓட்டம். உடம்பை கம்பு மாதிரி நீட்டிக்கிட்டு மேல மேல ஏறிச்சுன்னா வெளிச்சம் பத்தல. நிழல்ல போய் சுருங்கி ஒளியுதுன்னா வெளிச்சம் திடீர்னு அதிகம், புது லைட் போட்டிருந்தா பவரைக் குறைச்சு வாரா வாரம் கொஞ்சம் கொஞ்சமா ஏத்துங்க. விரல் எல்லாம் ஒரே பக்கமா படுத்துக்கிட்டு அடிபட்டா ஃப்ளோ நேரா மூஞ்சியில அடிக்குது, வேவ்மேக்கரை (தண்ணியை ஓட வைக்கற பம்ப்) திருப்பி கண்ணாடியில மோதி சுத்தி வர்ற மாதிரி வைங்க. விரல் மெல்ல அலையற அளவு போதும். இது எதுவும் இல்லன்னா தண்ணியை டெஸ்ட் பண்ணுங்க, உப்பு (ஸ்பெசிஃபிக் கிராவிட்டி அளவுல) 1.025, 1.026 கிட்ட, சூடு 25, 26 டிகிரி, ஆல்கலினிட்டி (பிஎச் ஆடாம தாங்கற சக்தி) 8 லேர்ந்து 10 டிகேஎச், இதெல்லாம் ஏறி இறங்காம நிக்கணும். நம்பர் கொஞ்சம் முன்ன பின்ன இருக்கறதை விட தினம் தினம் ஆடறதுதான் அதுக்கு கஷ்டம்.

திரும்ப வைக்கற நேரம் வந்தா, அதாவது அதுவா ஒட்டாம விழுந்து கிடந்தா, பம்ப்பை எல்லாம் ஒரு மணி நேரம் நிறுத்திட்டு லைட்டைக் குறைச்சு காலை பொந்து வாய்கிட்ட வெச்சு மேல ஒரு ஓட்டை போட்ட ப்ளாஸ்டிக் கூடையைக் கவுத்து வைங்க. கால் புடிச்சதும் கூடையை எடுத்துட்டு ஃப்ளோவை மெதுவா ஆரம்பிங்க. கண்ணாடியில உட்கார்ந்தது நகரணும்னா அந்த இடத்தை மட்டும் நிழலாக்கிப் பாருங்க, பல நேரம் அதுவாவே கெளம்பும்.

இவ்வளவும் எழுதறதுக்கு நடுவுல எனக்கு உண்மையான பயம் உங்க வேவ்மேக்கர் மேலதான். நடக்கற அனிமோனி அதுல மாட்டினா அரைச்சிடும், ஒரு ராத்திரியில டேங்க் பூரா கலங்கி மீனும் சேர்ந்து போகும். அனிமோனி வர்றதுக்கு முன்னாடியே வேவ்மேக்கருக்கு ஸ்பான்ஜோ வலையோ மாட்டுங்க, வாரம் ஒரு தடவை அலசுங்க, அடைச்சுக்கிட்டா ஃப்ளோ குறையும். தண்ணி சம்ப்புக்கு வழியற ஓவர்ஃப்ளோவோட பல்லு மாதிரி இடுக்குக்கும் வலை வேணும். ஹீட்டரை சம்ப்ல வைங்க, சம்ப் இல்லன்னா கார்டு போட்டு வைங்க, அது மேல போய் ஒட்டிக்கிட்டு வெந்து போறது நடக்கற விஷயம். கல்லு டிசைன் பண்ணும்போதே வேவ்மேக்கரை தீவுலேர்ந்து தூரமான பக்கம் வைக்க இடம் விட்டா பாதி பிரச்சினை இல்ல.

கார்பெட் அனிமோனிக்கும் இதே பொந்து டிசைன் போதுமா?

போதாது. ஹட்டோனி கார்பெட் மணல்ல இருக்கற ஜாதி, காலை மணலுக்குள்ள விட்டு மணல் மட்டத்துல பாய் மாதிரி விரியும். அதுக்கு 10 செ.மீ. மணலும் சுத்தி வெறும் வெளியும் வேணும், கல்லெல்லாம் ஒரு ஓரத்துக்கு போயிடணும். அரை மீட்டருக்கு மேல விரியும், பக்கத்துல வர்ற சின்ன மீனைப் புடிச்சு சாப்பிடும், அதையும் யோசிச்சுக்கோங்க. லாங் டென்டக்கிள் அனிமோனியும் மணல்தான், ஆழமா கால் விட்டு அடியில கல்லோ கண்ணாடியோ எது கிடைக்குதோ அதுல ஒட்டிக்கும், அதனால மணலுக்குள்ள ஒரு தட்டைக் கல்லைப் புதைச்சு வெச்சா அதோட சேர்த்து பின்னால தூக்க வசதி.

மேக்னிஃபிகா அனிமோனி நேர் எதிர், இருக்கறதுலயே உயரமான திறந்த இடத்துல ஏறி நிக்கும், பலமான வெளிச்சம், பலமான ஃப்ளோ, ஒரு மீட்டர் வரைக்கும் போகும். சாதா வீட்டு டேங்க்ல அதை வைக்கறதை நான் ஆதரிக்க மாட்டேன். சின்ன டேங்க்ல ஏதாவது வேணும்னா ராக் ஃப்ளவர் அனிமோனி பாருங்க, கரீபியன் கடல் ஜாதி, கல்லுக்கும் மணலுக்கும் நடுவுல சின்ன குழி இருந்தா உட்கார்ந்துக்கும், பெரும்பாலும் நகராது. க்ளவுன் ஃபிஷ் அதுல குடியேறும்னு மட்டும் எதிர்பார்க்காதீங்க.

கடற்கரையில கிடைக்கற பவளக் கல்லை எடுத்துட்டு வந்து போடலாமா?

வேண்டாம். கல் பவளங்கள் எல்லாம் சைட்டிஸ் ஒப்பந்தத்துல (அழியற ஆபத்துல இருக்கற உயிரினங்களோட சர்வதேச வணிகத்தைக் கட்டுப்படுத்தறது) இரண்டாம் பட்டியல்ல இருக்கு, பல நாட்டுல எடுக்கறதே குத்தம், சட்டத்தை விடுங்க, அது மீனும் நண்டும் குடியிருக்கற இடம். ட்ரை ராக், இல்ல சிமென்ட்டுலயும் அரகோனைட்டுலயும் வார்த்த கல்லு போதும், ஆறு மாசத்துல பார்த்தா வித்தியாசமே தெரியாது. ரோட்டோரக் கல்லும் வேண்டாம், உள்ள என்ன உலோகம் இருக்குன்னு யாருக்கும் தெரியாது. வினிகர் ஊத்தி நுரை வந்தா சுண்ணாம்புக் கல்லுன்னுதான் தெரியும், உலோகம் இல்லன்னு அந்த டெஸ்ட் சொல்லாது.

கல்லு அடுக்கி தண்ணி ஊத்தி ஒரு மாசம் ஆச்சு, அம்மோனியா, நைட்ரைட் ரெண்டும் ஜீரோ. அனிமோனி வாங்கிடட்டுமா? நான் ஸ்கூல் படிக்கிறேன், லீவுலயே எல்லாம் முடிச்சிடணும்னு பார்க்கறேன்.

தம்பி, ஜீரோ வந்தது மீனுக்கு போதும், அனிமோனிக்கு பத்தாது. ட்ரை ராக் முதல் சில மாசம் பழுப்புப் பாசி, பச்சைப் பாசின்னு ஒண்ணு மாத்தி ஒண்ணு புடிக்கும், பாஸ்பேட்டும் கசியும். அதெல்லாம் அடங்கி கல்லு மேல ஊதா நிறமா கோரலைன் பாசி படர ஆரம்பிக்கறப்ப வாங்கு, ஆறு மாசமாவது ஆகும், ஒரு வருஷம்னா இன்னும் நல்லது. இந்த லீவுல க்ளவுன் ஃபிஷ் ஜோடி மட்டும் விடு, அனிமோனி இல்லாமலே அது சந்தோஷமா இருக்கும்.

நீ வாங்கப்போறது எவ்வளவு நாள் வாழும்னு ஒண்ணு சொல்றேன். 1828ல ஸ்காட்லாந்து கடற்கரையில ஜான் டாலியல்ங்கற இயற்கை ஆராய்ச்சியாளர் ஒரு சின்ன சிவப்பு அனிமோனியை எடுத்துட்டு வந்து கண்ணாடி ஜாடியில வளர்த்தார். அவர் போனப்பறம் ஒருத்தர் கை மாத்தி ஒருத்தர் பார்த்துக்கிட்டாங்க, கிரானின்னு பேரே வெச்சாங்க, அது 1887 வரைக்கும் இருந்துச்சு. அவ்வளவு காலம் இருக்கக்கூடிய உயிருக்கு ஆறு மாசம் காத்திருக்கறது பெருசு இல்லப்பா. அதுக்குள்ள பொந்தை இன்னும் நல்லா பண்ணலாம், வேவ்மேக்கருக்கு வலை மாட்டலாம், டெஸ்ட் பண்ணி நோட்டுல எழுதி வெச்சுக்கிட்டே வா.

ஒண்ணா வாங்கின பப்பிள் டிப் ரெண்டாச்சு, இப்ப நாலு. அதுங்க கொட்டி கோரல் எல்லாம் வெந்து போகுது. எடுத்து நண்பருக்கு கொடுக்கலாம்னா கால் கல்லு உள்ள ஆழமா இருக்கு, மொத்த கல்லும் சிமென்ட் போட்டு கட்டினது. எப்படி எடுக்கறது?

இதுக்காகத்தான் ஒரு துண்டை ஒட்டாதீங்கன்னு மேல சொன்னேன். பப்பிள் டிப் தானாவே ரெண்டா பிரியற ஜாதி, என்னிக்காவது ஒண்ணை வெளிய எடுக்கற நாள் வந்தே தீரும், அன்னிக்கு அனிமோனியை கல்லுலேர்ந்து பிரிக்காம கல்லோடவே தூக்கறதுதான் அதுக்கு வலிக்காத வழி. அதனால பொந்து இருக்கற கல்லு ரெண்டு கையால தூக்கற எடையில தனித் துண்டா இருக்கணும், அடிக்கல்லுல ஒரு பள்ளம் வெட்டி அதுல உட்கார வைக்கலாம், இல்ல அடிக்கல்லுல ஒரு அக்ரிலிக் ராடை நட்டு மேல் கல்லுல ஓட்டை போட்டு சொருகலாம், பசை வேண்டாம். எடையிலயே நிக்கும், வேணும்கறப்ப அப்படியே மேல வரும்.

உங்க கேஸ்ல கல்லு கட்டியாச்சு, இப்ப செய்யறதைச் சொல்றேன். நாலுல எதோட கால் ஓரளவு வெளிய தெரியுதோ அதை மட்டும் குறி வைங்க. ஒரு குட்டி பம்ப்போட தண்ணியை அது காலைப் பார்த்து விடுங்க, விரலை இல்ல காலை, பக்கத்துல ஒரு சின்ன தனிக் கல்லு, சொரசொரப்பா குழியோட, சாய்ச்சு வைங்க. தொந்தரவு தாங்காம அது நகரும்போது பக்கத்துல இருக்கற தனிக் கல்லுல ஏற வாய்ப்பு உண்டு, ஏறி ரெண்டு நாள் நல்லா ஒட்டினதும் கல்லோட தூக்கி கொடுத்துடுங்க. சில பேர் கால்கிட்ட ஐஸ் கட்டி வெச்சு விட வைப்பாங்க, கால் பாதி விட்டப்பறம் நகத்தை உள்ள விடாம விரல் நுனியால ஓரத்துலேர்ந்து மெல்ல உருட்டி எடுப்பாங்க, அதுவும் நடக்கும், பொறுமை இருந்தா மட்டும். க்ளவுஸ் போட்டுக்கோங்க.

ஒரே நாள்ல எல்லாத்தையும் எடுக்க நினைக்காதீங்க. கோரலை இப்போதைக்கு அனிமோனி முழுசா விரிஞ்சா எட்டாத தூரத்துக்கு, ஒரு 15 செ.மீ. தள்ளி, மாத்திடுங்க. சம்ப்ல கார்பன் போட்டு வைங்க. எடுத்த அனிமோனி புது இடத்துல ஒரு நாள் சுருங்கி இருந்தா பயப்பட வேண்டாம், ஆனா வாய் பிளந்து தொங்கி, தொட்டா கரைஞ்சு, நாத்தம் வந்தா அது போயிடுச்சு, உடனே வெளிய எடுத்துட்டு தண்ணி மாத்தணும்னு உங்க நண்பர்கிட்ட கொடுக்கும்போதே சொல்லிடுங்க.